நின்ற ஊர்களும் நிற்காத ரயில்களும்

(திருநின்றவூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ரயிலைப் பற்றிப் பேச வருகிறவன் ரயிலில் வருவதுதான் முறை. மூர் மார்க்கெட் வளாகத்தில் மின்சார வண்டி ஏறி வந்தேன். நேமிலிச்சேரி தாண்டி இங்கே வண்டி நின்றது அரை நிமிடம் இருக்கும். அதற்குள் என் பெட்டியிலிருந்து மட்டும் நாற்பது ஐம்பது பேர் இறங்கியிருப்பார்கள். நான் இறங்கிப் பையைத் தோளில் மாட்டுவதற்குள் பக்கத்துத் தடத்தில் ஓர் எக்ஸ்பிரஸ் பிளாட்பாரத்தையே உலுக்கிக்கொண்டு போயிற்று. ஒரு வண்டி நின்றது, ஒரு வண்டி நிற்கவில்லை. நான் இன்று சொல்லப்போவது முழுவதும் இந்த இரண்டுக்கும் இடையில்தான் இருக்கிறது.

தலைப்புக்கு நான் அதிகம் அலையவில்லை. அது உங்கள் ஊர்ப் பெயரிலேயே இருந்தது. வைகுந்தத்தை விட்டுக் கோபித்துக்கொண்டு புறப்பட்ட திருமகள் வந்து நின்ற இடம் இது என்பது பக்தவத்சலப் பெருமாள் கோயிலின் தல புராணம். கடலரசன் வந்து அழைத்தும் அவள் அசையவில்லையாம். பெற்ற தகப்பனே அவளை ‘என்னைப் பெற்ற தாயே’ என்று கெஞ்சியதாகச் சொல்வார்கள். தாயாரின் பெயர் இன்றும் அதுதான். புராணத்தைப் புராணமாகவே விட்டுவிடுகிறேன். ஆனால் அதற்குள் ஊர் வரலாற்றின் சூத்திரம் ஒன்று ஒளிந்திருக்கிறது. திரு என்றால் செல்வம். செல்வம் எங்கே நிற்கிறதோ அங்கே ஊர். அது கிளம்பிவிட்டால் ஊர் மேடாகிவிடும்.

ரயிலூர்களுக்கு இது அப்படியே பொருந்தும். ரயில் ஓடுவதால் ஊர் உண்டாவதில்லை. நிற்பதால்தான் உண்டாகிறது. எதற்காக நிற்கிறது என்ற காரணம் போய்விட்டால், தண்டவாளம் அப்படியே கிடந்தாலும் ஊர் தேய்ந்துவிடுகிறது.

1. இந்தத் தடத்தின் இரு முனைகள்

நம் பக்கத்துச் செங்குன்றத்திலிருந்தே தொடங்கலாம். இந்தியாவில் தண்டவாளத்தின் மேல் சக்கரம் உருண்ட முதல் இடங்களில் ஒன்று அது. 1837 வாக்கில், சாலை போடுவதற்கான கல்லைச் சென்னைக்குக் கொண்டுபோக அங்கிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பாலம்வரை தடம் போட்டார்கள். கல் சுமக்கும் வேலை முடிந்ததும் தடமும் முடிந்தது. இன்று செங்குன்றத்தில் ரயில் நிலையமே கிடையாது. ஆனாலும் ஊருக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஏரி இருந்தது, நெல் வந்தது, அரிசி ஆலைகள் வந்தன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்தது, உங்கள் வீட்டு வாசலில் ஓடும் தடம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை இதுதான். 1856 ஜூன் 28 அன்று ராயபுரத்தில் ஆளுநர் ஹாரிஸ் பிரபு தொடங்கிவைத்தார். ஜூலை 1 முதல் பொதுமக்களுக்கு வண்டி ஓடிற்று. கிழக்கு முனை ராயபுரம். மேற்கு முனை, அன்று ஆர்க்காடு என்ற பெயரில் திறக்கப்பட்டு இன்று வாலாஜா ரோடு என்று அழைக்கப்படும் நிலையம். நடுவே ஏறக்குறைய நூறு கிலோமீட்டர்.

இந்த இரு முனைகளும் என்னவாயின? 1873-இல் சென்ட்ரல் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராயபுரம் தன் தலைமை இடத்தை முழுவதும் இழந்துவிட்டது. இன்றும் நிற்கும் ரயில் நிலையக் கட்டடங்களில் நாட்டிலேயே பழமையானது என்ற பெருமை அதற்கு மிஞ்சியிருக்கிறது. வாலாஜா ரோடு முனையாக இருந்ததும் சில காலம்தான். தடம் மேற்கே நீண்டதும் அது வழியில் ஒரு நிலையம் ஆயிற்று. 1856-இல் யாரும் பொருட்படுத்தியிராத நடுவழி ஊர், வெள்ளைக்காரன் வாயில் ‘டின்னனூர்’ ஆகி, நம் பெரியவர்கள் வாயில் இன்றும் ‘தின்னனூர்’ ஆக இருக்கும் இந்த ஊர், 2021-இல் நகராட்சி ஆகிவிட்டது. முனையாக இருப்பது பெருமைதான், ஆனால் அது நிரந்தரமில்லை. தடம் இன்னும் கொஞ்சம் நீண்டால் முனை நடுவாகிவிடும்.

2. தண்ணீருக்கும் கரிக்கும் நின்ற வண்டி

இப்போது நிற்பதற்கான காரணங்களுக்கு வருகிறேன். முதல் காரணம் தாகம்.

நீராவி எஞ்சின் என்பது ஓடும் பானை. ஆயிரக்கணக்கான காலன் தண்ணீரையும் டன் கணக்கில் நிலக்கரியையும் சுமந்துகொண்டு புறப்பட்டாலும், சில மணி நேரத்தில் தண்ணீர் தீர்ந்துவிடும். தண்ணீரிலும் நல்ல தண்ணீர் வேண்டும். உப்புத் தண்ணீர் என்றால் பாய்லருக்குள் காரை படியும். அதனால்தான் பல பெரிய நிலையங்கள் ஏரியையோ ஆற்றையோ ஒட்டியிருக்கின்றன. தண்ணீர் பிடித்தாலும் போதாது. நூற்றைம்பது இருநூறு கிலோமீட்டர் போனதும் தீத்தட்டில் கிளிங்கர் கட்டியாக இறுகிவிடும். சாம்பலைத் தள்ள வேண்டும், எண்ணெய் போட வேண்டும், எஞ்சினையே கழற்றி வேறு எஞ்சின் பூட்ட வேண்டும். டிரைவருக்கும் ஃபயர்மேனுக்கும் அதற்கு மேல் உடம்பு தாங்காது. ஆகவே அங்கே ஒரு ஷெட், ஷெட்டைச் சுற்றி ஒரு காலனி, காலனியைச் சுற்றி ஓர் ஊர்.

என் தாய்மாமா ஜோலார்பேட்டையில் ஃபயர்மேன். பள்ளி விடுமுறைக்கு அவர் வீட்டுக்குத்தான் போவோம். அந்த ஊரில் கடிகாரம் தேவையில்லை. ஷெட்டில் சங்கு ஊதினால் அடுப்பு பற்றவைப்பார்கள், அடுத்த சங்குக்குப் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்புவார்கள். நடுராத்திரியில் கதவு தட்டப்படும். கையில் விளக்கும் ஒரு நோட்டுப் புத்தகமுமாகக் ‘கால் பாய்’ நிற்பான். வேலைக்கு அழைப்பு. மாமா அரைத் தூக்கத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். ‘பாய்’ என்றுதான் பெயர், அந்த ஆளுக்கு நரைத்த மீசை! மாமா கிளம்பிய பிறகும் அத்தை தூங்க மாட்டார். டிபன் கேரியரைக் கட்டிக் கொடுத்துவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்திருப்பார்.

ஊருக்கு வருமானம் ஷெட்டிலிருந்து மட்டும் வரவில்லை. எஞ்சின் மாற்ற இருபது நிமிடம் ஆகும் என்றால், அந்த இருபது நிமிடமும் பிளாட்பாரம் ஒரு சந்தை. இட்லிப் பொட்டலம், சுக்குக் காபி, கூஜாவில் தண்ணீர், பழம், பூ. வண்டியிலேயே சமையல் பெட்டி வருவதற்கு முன் பயணிகள் நிலையத்தில் இறங்கித்தான் சாப்பிட்டார்கள். ஷெட்டுக்குப் பின்னால் கொட்டும் சாம்பல் மேட்டில் பெண்கள் கூடையோடு உட்கார்ந்து, பாதி எரிந்த கரியைப் பொறுக்குவார்கள். அது இஸ்திரி வண்டிக்கும் டீக்கடை அடுப்புக்கும் போகும். எஞ்சின் துப்பியதைத் தின்றுகூட ஒரு தெரு பிழைத்தது.

இப்படித் தாகத்தையே நம்பி எழுந்த ஊர் ஒன்றின் பெயர் இந்த மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும், ஊரைத்தான் பலர் பார்த்திருக்க மாட்டோம். கும்மிடிப்பூண்டி வழியாகப் போகும் ஒரு வண்டியை நெடுங்காலமாக ‘பிட்ரகுண்டா வண்டி’ என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். நெல்லூருக்கு வடக்கே, சென்னைக்கும் விஜயவாடாவுக்கும் ஏறக்குறைய பாதி வழியில் இருக்கிறது பிட்ரகுண்டா. எஞ்சினுக்கு மூச்சு வாங்கும் இடமும் அதுவே. ஆகவே அங்கே நீராவி எஞ்சின்களுக்குப் பெரிய ஷெட், சரக்குப் பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் யார்டு, வரிசை வரிசையாகக் குடியிருப்புகள் எல்லாம் எழுந்தன. 1972-இல் சித்தரஞ்சன் ஆலை நீராவி எஞ்சின் கட்டுவதை நிறுத்தியது. 1980 வாக்கில் சென்னை - விஜயவாடா தடம் மின்மயமாயிற்று. மின்சார எஞ்சினுக்குத் தாகம் கிடையாது. சென்ட்ரலில் பூட்டிய எஞ்சின் விஜயவாடாவையும் தாண்டிப் போகலாம். பிட்ரகுண்டாவில் நிற்க இனி என்ன இருக்கிறது? யாரும் அந்த ஊரைத் தண்டிக்கவில்லை. ஒரு கம்பி மேலே ஓடியது, அவ்வளவுதான். ஷெட் அடங்கியது, வீடுகள் காலியாயின. ஊர் ஒரு வண்டியின் பெயர்ப் பலகையில் ஒட்டிக்கொண்டு நம் பக்கம் வந்து போகிறது.

அதே காலத்தில் அரக்கோணம் பிழைத்துக்கொண்டது. அங்கே மின்சார எஞ்சினுக்கு ஷெட் வந்தது. ஈரோடு டீசலுக்கும் மின்சாரத்துக்கும் ஷெட் பெற்றது. ஜோலார்பேட்டை சென்னை, பெங்களூர், சேலம் என்று மூன்று பக்கத் தடங்களையும் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அடுப்பு மாறியபோது தானும் மாறிக்கொண்ட ஊர்கள் தப்பின. மாறும் வாய்ப்பே கிடைக்காத ஊர்கள் தப்பவில்லை.

3. அலுவலகத்துக்காக நின்ற ஊர்

இரண்டாவது காரணம் அதிகாரம். அதற்குப் போத்தனூர்.

சென்னையிலிருந்து மேலைக் கடற்கரையின் பேப்பூருக்குப் போட்ட தடம் 1862-இல் போத்தனூர் வழியாகச் சென்றது. கோயமுத்தூர் அதில் இல்லை. பிறகு, 1873-இல் போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குப் பிரிந்த கிளையில்தான் கோயமுத்தூர் சேர்ந்தது. அதாவது கோயமுத்தூர்க்காரர் ரயில் மாறப் போத்தனூருக்குப் போக வேண்டியிருந்த காலம் அது. நீலகிரிக்குப் போகும் துரைமார்கள் அங்கே இறங்கினார்கள். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் குடியேறின, தேவாலயமும் நடனக் கூடமும் வந்தன, ரயில்வே கோட்டத் தலைமையகமும் வந்தது. ‘ஜங்ஷன்’ என்ற சொல்லுக்கே அங்கே ஒரு மிடுக்கு இருந்தது.

கோயமுத்தூரில் பஞ்சாலைகள் பெருகின. மக்கள் எங்கே இருந்தார்களோ அங்கே வண்டி போக வேண்டியதாயிற்று. 1956-இல் போத்தனூர்க் கோட்டம் கலைக்கப்பட்டு ஒலவக்கோட்டில், இன்றைய பாலக்காட்டில், புதிய கோட்டம் உருவாயிற்று. ஒரு கோட்ட அலுவலகம் போனால் மேசை நாற்காலியா போகிறது? அதிகாரியின் வீடு, குமாஸ்தாவின் வாடகை, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், தையற்காரர், ரொட்டிக் கடை எல்லாம் வண்டி ஏறுகின்றன. போத்தனூர் அழிந்துவிடவில்லை. கோயமுத்தூரே வளர்ந்து வந்து அதைத் தன் பேட்டைகளில் ஒன்றாக்கிக்கொண்டது. கிளையாக இருந்தது மரமாயிற்று, மரம் கிளையாயிற்று.

4. கடலுக்காக நின்ற ஊர்

மூன்றாவது காரணம் கடல். அதற்கு மேல் தண்டவாளம் போட முடியாது என்பதால் வண்டி நின்ற ஊர் தனுஷ்கோடி. அங்கே கொஞ்சம் நேரம் நிற்க அனுமதி கேட்கிறேன்.

1914-க்கு முன் இலங்கைக்குப் போகிறவர்கள் தூத்துக்குடியில் கப்பல் ஏறினார்கள். வ.உ.சி. 1906-இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுவனம் வெள்ளையர் நிறுவனத்தோடு மல்லுக்கு நின்றது இந்தத் தூத்துக்குடி - கொழும்புத் தடத்தில்தான். 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறந்தது. எழும்பூரில் சீட்டு வாங்கினால் தனுஷ்கோடிவரை ரயில், அங்கிருந்து ஏறக்குறைய 35 கிலோமீட்டர் நீராவிக் கப்பல், தலைமன்னாரில் இறங்கி மறுபடி ரயில், கொழும்பு. ஒரே சீட்டு. வண்டிக்குப் பெயரே ‘போட் மெயில்’.

மணல் முனையில் ஓர் ஊர் எழுந்தது. நிலையம், கப்பல் துறை, சுங்க அலுவலகம், தபால் தந்தி அலுவலகம், மருத்துவமனை, பள்ளி, தேவாலயம், ரயில்வே குடியிருப்பு. அந்த வழியே வியாபாரிகள் போனார்கள், துறவிகள் போனார்கள். எல்லாரையும்விட அதிகமாகத் தோட்டத் தொழிலாளர்கள் போனார்கள். மண்டபம் முகாமில் நோய்க் காவலில் வைத்துச் சோதித்து அனுப்பப்பட்ட அந்த மக்களின் முதுகில்தான் இலங்கைத் தேயிலை வளர்ந்தது. தனுஷ்கோடிக்கு வயலில்லை, ஆலையில்லை, சந்தையுமில்லை. மீன்பிடிப்பைத் தவிர அதற்கிருந்த ஒரே தொழில், ஒரு வண்டியிலிருந்து இறங்குகிறவர்களை இன்னொன்றில் ஏற்றிவிடுவது. 1948-இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமை, குடிவரவுச் சட்டங்களுக்குப் பின் அந்த ஏற்றத்துக்கும் பாஸ்போர்ட்டும் விசாவும் குறுக்கே நின்றன.

1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அந்தத் தோட்ட மக்களில் 5,25,000 பேரை இந்தியா திரும்ப ஏற்பதாக முடிவாயிற்று. அதற்குப் பின் 53-ஆம் நாள், டிசம்பர் 22 இரவு, புயல் வந்தது. பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் வண்டி தனுஷ்கோடிக்குச் சற்று முன்னால் கடலுக்குள் போயிற்று. வண்டியில் இருந்த எவரும் பிழைக்கவில்லை. ஊரும் போயிற்று. பாம்பன் பாலத்தின் 126 கர்டர்கள் அடித்துச் செல்லப்பட்டன. பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாலத்தைச் சரி செய்துவிட்டார்கள். ஆனால் தடம் ராமேஸ்வரத்தோடு நின்றது. தனுஷ்கோடி வசிக்கத் தகாத இடம் என்று அரசு அறிவித்தது.

இதில் என்னை உறுத்துவது ஒன்று உண்டு. ஒப்பந்தப்படி அந்த மக்கள் திரும்பி வந்தபோது, தலைமன்னாரில் ஏறிய ‘ராமானுஜம்’ கப்பல் அவர்களை ராமேஸ்வரத்தில் இறக்கிவிட்டது. பாட்டனார் கப்பலேறிய ஊரைப் பேரன் பார்க்க முடியவில்லை. அந்தக் கப்பலும் 1980-களில் இலங்கையின் போரோடு நின்றுபோனது.

தூத்துக்குடியை இப்போது திரும்பிப் பாருங்கள். 1914-இல் கொழும்புப் பயணிகளைத் தனுஷ்கோடி பறித்துக்கொண்டபோது அது விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. உப்பளம் இருந்தது, பஞ்சாலை இருந்தது, முத்தும் மீனும் வணிகக் குடும்பங்களும் இருந்தன. 1974-இல் அது பெருந்துறைமுகமாகவே ஆயிற்று. ஒரு காலை எடுத்தால் மறு காலில் நிற்கலாம். தனுஷ்கோடி ஒற்றைக் காலில் நின்ற ஊர். புயல் வராமல் இருந்திருந்தாலும், போர் வந்த 1980-களில் அது எதற்காக நின்றிருக்கும்? இந்தக் கேள்வியை நான் புயலில் இறந்தவர்களை மறந்து கேட்கவில்லை. புயல் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட்டால் நமக்குப் பாடம் எதுவும் மிஞ்சாது என்பதால் கேட்கிறேன்.

5. பிடுங்கிய தண்டவாளம்

இது நம் நாட்டுக் கதை மட்டுமில்லை. அமெரிக்காவின் புல்வெளிகளில் ரயில் கம்பெனிகளே வரைபடத்தில் சில மைல்களுக்கு ஒரு புள்ளி வைத்து ஊர்களை விற்றன. ஒரு நிலையம், ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு தானியக் கிடங்கு, அவ்வளவுதான் தொடக்கம். தாகமற்ற எஞ்சினும் லாரியும் வந்தபின் அவற்றில் பல காற்றாடுகின்றன. 1869 மே 10 அன்று கிழக்கையும் மேற்கையும் இணைத்துத் தங்க ஆணி அடித்த இடம் யூட்டா மாநிலத்தின் ப்ராமன்டரி. 1904-இல் உப்பேரியின் மேலேயே நேர்வழி போட்டதும் அந்த இடம் ஒதுங்கியது. 1942-இல் போருக்கு இரும்பு வேண்டுமென்று தண்டவாளத்தையே பிடுங்கிவிட்டார்கள்.

அதே போருக்காக நம்மிடமும் பிடுங்கினார்கள். மொரப்பூரிலிருந்து தர்மபுரி வழியாக ஓசூர்வரை ஓடிய குறுகிய பாதை அப்படித்தான் போயிற்று. மதுரை - போடிப் பாதையைப் பிடுங்கி, சுதந்திரத்துக்குப் பின் மறுபடி போட்டார்கள். மயிலாடுதுறை - தரங்கம்பாடிப் பாதை 1926-இல் வந்து 1986-இல் மூடப்பட்டது. அங்கே ரயிலை வென்றது புயலும் இல்லை, போரும் இல்லை. வாசலில் வந்து நின்ற பேருந்து.

6. உங்கள் ஊர் எதற்காக நிற்கிறது?

திரும்ப இங்கே வருகிறேன். பெரம்பூரில் 1955-இல் ரயில் பெட்டித் தொழிற்சாலை, ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை, அம்பத்தூரில் 1964-இல் தொழிற்பேட்டை, அந்தப் பக்கம் கும்மிடிப்பூண்டியில் சிப்காட். எழுபதுகளின் இறுதியில் மின்சார வண்டிகள் திருவள்ளூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் ஓடத் தொடங்கின. தண்ணீருக்கோ கரிக்கோ நிற்காத அந்த வண்டி, மனிதர்களுக்காக நின்றது. ரயிலின் வரலாற்றில் இதைவிட நல்ல காரணம் இல்லை. மனைகள் விற்றன, வயல்கள் நகர்களாயின, நீங்கள் வந்தீர்கள்.

ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை வண்டியில் போகிறவர்கள் எத்தனை பேர், இந்த ஊரில் வேலை பார்க்க வந்து இறங்குகிறவர்கள் எத்தனை பேர்? தொழிற்சாலைகள் தங்கள் ஆட்களைக் கம்பெனிப் பேருந்தில் அள்ளிக்கொண்டு போகின்றன. வெளிவட்டச் சாலை நேமிலிச்சேரி அருகே குறுக்கே ஓடுகிறது. பட்டாபிராமில் டைடல் பூங்கா 2024-இல் திறந்தாயிற்று. வேலை இருக்கும் இடம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. தூங்க மட்டும் ஓர் ஊர் என்றால் அதுவும் ஒற்றைக் கால்தான். உங்களுக்கு இரண்டாம் கால் உண்டு. இரண்டு பெரிய கோயில்கள், ஒரு பெரிய ஏரி, நூற்றாண்டுகள் பழைய பெயர். செங்குன்றத்தை அன்று காப்பாற்றியது ஏரியும் நெல்லும். உங்கள் ஏரியை மனையாகப் பார்க்கிறவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பூசலார் நாயனாரின் ஊரில் இதைக் கேட்காமல் போக மனம் வரவில்லை. கல்லும் காசும் இல்லாத பூசலார் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டினார். கனவில் இறைவன் சொல்லக் கேட்டுக் காஞ்சியிலிருந்து வந்த பல்லவ மன்னன் ‘அந்தக் கோயில் எங்கே’ என்று கேட்டபோது ஊராருக்கு ஒன்றும் தெரியவில்லை. அவரிடமே கேட்ட பிறகுதான் தெரிந்தது.

இந்த ஊரில் ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஷெட், சாம்பல் குழி, ரன்னிங் ரூம், கால் பாயின் விளக்கு, இடித்தாகிவிட்ட காலனியின் தெருக்கள் எல்லாம் இன்று உங்கள் மனத்தில்தான் இருக்கின்றன. நீராவி எஞ்சினில் கரி அள்ளிப் போட்டவர்களில் பலருக்கும் இப்போது அறுபதைத் தாண்டியிருக்கும். என் மாமாவிடம் நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றியபோது அவர் இல்லை. இந்த அறக்கட்டளையின் ஓராண்டு வட்டியில் ஓர் ஒலிப்பதிவுக் கருவி வாங்கலாம். கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேரிடம் அதைக் கொடுத்து இவர்கள் வீட்டுக்கு அனுப்புங்கள். கதவைத் தட்டட்டும். ராத்திரி கதவு தட்டினால் எழுந்து வந்து பழகியவர்கள் இவர்கள், கட்டாயம் திறப்பார்கள்.